சொந்த மெட்டுக்கு அனுமதி

திரையில் ஒரு பெண் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். செத்துப்போன அப்பாவின் டப்பா. மூன்று நாளாகத் திறக்காமல் கிடந்தது. மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பிறகு மறுபடி பார்க்கிறாள். ஓரத்தில் பாதி கடித்த முள்ளங்கி ஊறுகாய், அதில் பல் பதிந்த தடம். வசனமே கிடையாது. நான்கு நிமிடம், அவ்வளவும் கையால் வரைந்த படம். குழாய்த் தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியிலிருந்து ஒரு செல்லோ மெதுவாக எழுந்து வந்தது. மகபே சுமிகோவின் கையிலிருந்த பென்சில் அப்படியே நின்றுவிட்டது.

இசையமைப்பாளர் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், படத்தை வெட்டிச் சேர்க்கிறவர்கள் வேறு ஏதாவது படத்தின் இசையை எடுத்துத் தற்காலிகமாக ஒட்டிவைப்பது வழக்கம். சுமிகோவுக்கு ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறாள். பதினான்கு படங்கள், கணக்கில் வராத தொலைக்காட்சித் தொடர்கள். குளிக்கிற தொட்டியில் தண்ணீர் சூடானதும் சுவரில் பதித்த ஹீட்டர் கருவி எட்டு விநாடி பாடுமே, அதில் ஒரு மெட்டுகூட அவளுடையதுதான். அவள் செய்ததிலேயே அதிகம் பேர் கேட்டது அது. எத்தனையோ பேருடைய இசையை உரித்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் தன்னுடையதை வைத்திருக்கிறாள். ஆனால் இதை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு இசைத்தாளில் ஒரு கட்டம், ஒரு பார்கூடத் தேவைப்படவில்லை. இரண்டாவது சுரத்துக்கு ஏறும்போது செல்லோ கொஞ்சம் தயங்கும். வாசல்வரை வந்துவிட்டுக் கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று நிற்கிற மாதிரி. அந்தத் தயக்கத்தை எழுதியவளே அவள்தான்.

விளக்கைப் போட்டார்கள். இயக்குநர் உசுயி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். முப்பத்தாறு வயது. இது அவருக்கு இரண்டாவது படம். கண்ணைத் துடைத்துக்கொண்டதை மறைக்கவும் இல்லை.

“குரோயிவா சென்சேயோடது,” என்றார், குருவின் பெயரைச் சொல்வதுபோல. “எட்டு வயசுல டிவில கேட்டது. சொல்லப்போனா இதைக் கேட்டுட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். மகபே சான், எனக்கு இந்த எடத்துல இதுதான் வேணும். அதாவது இதே இல்ல. ஆனா இதுதான்.”

“இதே இல்ல, ஆனா இதுதான்,” என்று சுமிகோ திருப்பிச் சொன்னாள்.

“அவங்க அம்மா செத்தப்ப எழுதினதாம். பேட்டில சொல்லியிருக்காரு. பறிகொடுத்தவங்களுக்குத்தானே இப்படி வரும்.”

சுமிகோ தலையாட்டினாள். முப்பது வருடத்தில் அவள் கழுத்து கற்றுக்கொண்ட வேலை அது. வெளியே வந்து ஒகிகுபோ நிலையத்தைத் தாண்டி, அடுத்த நிலையத்தையும் தாண்டி நடந்துகொண்டே இருந்தாள். கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று அரைபடுவது காதுக்குள் கேட்டது. பல் மருத்துவர் போன வருடமே சொன்னார், “தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க, யார் மேல இவ்வளவு கோவம்?” என்று சிரித்துக்கொண்டே. அன்றைக்கு அவளும் சிரித்தாள்.

அவள் குரோயிவாவிடம் உதவியாளராக இருந்தபோது வயது இருபத்தாறு. வாரம் ஒரு பகுதியாக வருகிற அனிமேஷன் தொடர். குரோயிவாவுக்கோ அதே சமயத்தில் ஒரு பெரிய படமும் கையில் இருந்தது. தொடருக்கு அவர் தலைப்பு இசையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மீதியைச் சுமிகோதான் எழுதினாள். அது ஒன்றும் ரகசியம் இல்லை, அப்படித்தான் எல்லா இடத்திலும் நடந்தது. பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, சொந்த ஊரான நொஷிரோவிலிருந்து அண்ணன் அலுவலகத்துக்குப் போன் செய்தான். அப்பா பனியை வாரிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தாராம், பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். சுமிகோ குரோயிவாவின் மேசைக்கு முன்னால் போய் நின்று சொன்னாள். அவர் நோட்ஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “வியாழக்கிழமை ரெக்கார்டிங். ஒம்போது பிட் பாக்கி இருக்கு. முடிச்சிட்டுப் போ. அப்பா எங்கயும் போயிடமாட்டார்.”

ஜெராக்ஸ் எடுக்கிற அறையில் உட்கார்ந்து ஒன்பதையும் எழுதினாள். ஆறாவதுதான் அந்தச் செல்லோ. வெள்ளிக்கிழமை ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஒரு வெள்ளைப் பீங்கான் அஸ்தி ஜாடியாக ஆகியிருந்தார். “எரிச்சப்புறம் குச்சியால எலும்பு எடுக்கறப்ப உனக்குன்னு ஒரு ஜோடி வெச்சிருந்தேன்,” என்றான் அண்ணன். “யாரும் தொடலை.” கோபமாகக்கூட அவன் சொல்லவில்லை. தொடரின் கடைசியில் இசை என்று குரோயிவா செய்சோவின் பெயர் மட்டும் தனியாக வந்தது. அவள் பெயர் உதவியாளர்கள் வரிசையில் மூன்றாவதாக, ஒரு எழுத்து தப்பாக வந்தது. அவள் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அப்போது தெரியாது என்று இத்தனை நாள் தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தாள். தெரியும். கேட்டிருந்தால் அடுத்த வேலை கிடைத்திருக்காது என்பதும் தெரியும். அதெல்லாம் போகட்டும். ஆனால் அவருடைய அம்மா எங்கிருந்து வந்தாள் அதற்குள்?

வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தாள். பிறகு எழுத உட்கார்ந்தாள். டப்பா காட்சிக்கு முதலில் ஒன்று எழுதி அனுப்பினாள், வெறும் பியானோ. “ரொம்ப அழகா இருக்கு,” என்றார் உசுயி போனில். “ஆனா குரோயிவா சென்சேயோடது மாதிரி நெஞ்சைப் பிடிக்கல.” இரண்டாவதுக்கும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். மூன்றாவதைப் பாதிதான் கேட்டார் போல. நான்காவது அனுப்பியபோது, மனம் புண்படக் கூடாதென்று பெரிய பாராட்டெல்லாம் சொல்லிவிட்டு, “நீங்க ஒரு தடவை அந்தப் பழசைத் திரும்பக் கேட்டுப் பாருங்களேன். அதுல அந்த ரெண்டாவது நோட்டுல ஒரு தயக்கம் இருக்கு பாருங்க, அதான் மேதைங்கறது,” என்றார். சுமிகோ போனைக் காதிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே ஐந்தாவதை எழுதினாள். வீம்புக்குத்தான். அதே தயக்கம், அதே செல்லோ. மெட்டு மட்டும் பின்னால் வேறு பக்கம் திரும்பும். உசுயி உடனே கூப்பிட்டார். “இதுதான் மகபே சான். வந்துட்டீங்க.”

பத்து நாள் கழித்துப் படநிறுவனத்தின் இசைப் பொறுப்பாளர் நெமொதோ அவளை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். உசுயியும் இருந்தார். மேசைமேல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒன்று குரோயிவாவின் அச்சான நோட்ஸ், இன்னொன்று அவளுடையது. இரண்டிலும் முதல் நான்கு பார்களில் மஞ்சள் மை பூசியிருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் நெமொதோ. “வக்கீல் பாத்தாரு. சுட்டதுன்னு வெளிய பேச்சு வந்துடும்னு பயப்படறாங்க. இப்ப எல்லாம் ரெண்டு நோட்டு ஒத்துப்போனாலே நெட்டுல கிழிச்சுடறாங்க. உங்க பேருதான் கெடும்.”

“சுட்டது,” என்றாள் சுமிகோ.

“நாங்க அப்படி நினைக்கல. அதனாலதான் ஒரு சின்ன லெட்டர் தயார் பண்ணியிருக்கோம். குரோயிவா சென்சேயோட படைப்பு மேல இருக்கற மரியாதையால, தெரியாம அந்தச் சாயல் வந்துடுச்சுன்னு. நீங்க கீழ உங்க பேர் முத்திரை வெச்சுட்டா, மெட்டைக் கொஞ்சம் மாத்திட்டு...”

“அது நான் எழுதினது.”

“தெரியுமே, இது நீங்க எழுதினதுதான்.”

“இது இல்ல. அது.” அச்சான தாளில் விரலை வைத்தாள். “இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி, எங்கப்பா செத்த வாரம், ஜெராக்ஸ் ரூம்ல உக்காந்து நான் எழுதினது. எழுதி முடிக்கறவரைக்கும் குரோயிவா சென்சே அந்தப் பக்கமே வரல.”

நெமொதோ உசுயியைப் பார்த்தார். உசுயி தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். ஒரு நிமிடம் அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. சின்ன வயதிலிருந்து மாட்டிவைத்திருந்த ஒரு படத்தைச் சுவரிலிருந்து இறக்குகிற மாதிரி இருந்தது. பிறகு முகம் தெளிந்தது.

“அப்படின்னா அதே மாதிரி இன்னொண்ணு எழுதறது உங்களுக்குச் சுலபமாச்சே,” என்றார்.

அதில் கிண்டல் துளிகூட இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. நெமொதோ, “எழுத்துல ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். கைப்பட எழுதின தாள்களெல்லாம் குரோயிவாவின் அலுவலகத்தில்தான் இருக்கும் என்றாள். “அப்ப அவரையே போய்ப் பாத்துடுங்க. பெரிய மனுஷன். கேட்டா இல்லைன்னா சொல்லிடப்போறாரு?”

குரோயிவா ஜூஷியில் மேட்டுமேல் இருக்கிற வீட்டில் மகளோடு இருக்கிறார். எண்பத்து மூன்று வயது. சுமிகோ போனபோது சாயங்காலம் நாலரை. டிவியில் சுமோ மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தத்தை நன்றாக ஏற்றிவைத்து. மகள் மிட்சுயோ டீயும் பயறு இனிப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

“வா சுமி,” என்றார். “தெனம் குளிக்கறப்ப உன்னைத்தான் நெனைச்சுக்கறேன். தண்ணி சூடானா உன் பாட்டுதானே பாடுது.”

ரயிலில் வரும்போது அவள் வாக்கியம் வாக்கியமாகத் தயார்செய்துகொண்டு வந்திருந்தாள். அவர் இல்லை என்பார், தான் ஒன்றொன்றாக எடுத்துவைக்க வேண்டும் என்று. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, “அந்தச் செல்லோ பிட் யார் எழுதினது, சென்சே?” என்று மட்டும் கேட்டாள்.

திரையில் மல்லன் ஒருவன் மோதலுக்கு முன்னால் உப்பை அள்ளி மேடையில் வீசினான். “நீதான்,” என்றார் குரோயிவா. “அதுல என்ன சந்தேகம்?”

மூட்டையைத் தூக்கத் தோளைக் கொடுத்தவளுக்கு மூட்டையே இல்லாமல் போன மாதிரி ஆயிற்று. “அப்ப அம்மாவுக்காக எழுதினதா ஏன் சொன்னீங்க?”

“ஒரு ரிப்போர்ட்டர் கேட்டான், எதை நெனைச்சு எழுதினீங்கன்னு. எழுதினவ வேற, அவளைப் போய்க் கேளுன்னா சொல்ல முடியும்? அம்மான்னேன். அப்புறம் வர்றவனெல்லாம் அதையே கேட்டான். இருபது தடவை சொன்னப்புறம் நெஜமாவே அம்மா அதுக்குள்ள வந்து உக்காந்துட்டா.” டீயைக் குடித்தார். “அவ செத்தப்ப எனக்கு அழுகையே வரல, தெரியுமா. இந்தப் பிட்டை வாசிச்சுக் கேட்டப்பதான் வந்துச்சு. ஸ்டூடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ரெக்கார்டிஸ்ட் பாக்கறான்னுகூட இல்லாம.”

“நீங்க அழுதது எங்கப்பாவுக்கு.”

அவர் முதல் தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். “உங்கப்பாவுக்கு என்ன?”

“அந்த வாரந்தான் செத்தார். ஊருக்குப் போகணும்னு வந்து நின்னேன். அப்பா எங்கயும் போயிடமாட்டார்னு சொன்னீங்க.”

“நானா?” உண்மையிலேயே யோசித்தார். நெற்றி சுருங்கியது. “சொல்லியிருப்பேன். அப்பல்லாம் நான் அப்படித்தான் பேசுவேன்.”

இவ்வளவுதான். இருபத்தெட்டு வருடமாக அவள் வாய்க்குள் அரைத்துக்கொண்டிருந்த வாக்கியம் அவருக்கு ஞாபகம்கூட இல்லை. மறுத்திருந்தால் தேவலை, கத்தியிருந்தால் தேவலை. குரோயிவா நல்ல மனநிலையில் இருந்தார். மகளைக் கூப்பிட்டு முத்திரையை எடுத்துவரச் சொன்னார். “ஒரு லெட்டர் தந்துடறேன். மகபே சுமிகோ தாராளமா எடுத்துக்கலாம்னு. அதுக்குத்தானே வந்தே?”

“எனக்கு அனுமதி வேணாம். நான் எழுதினதுன்னு எழுதிக் குடுங்க.”

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். “அதை எழுதினா அது ஒண்ணோட நிக்குமா? அந்தத் தொடர்ல பாதிக்கு மேல நீ. உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான், அவனுக்கு முன்னாடி ஒருத்தன். என் பேர்ல இருக்கறதுல எது என்னுதுன்னு எனக்கே தெரியாது சுமி. நான் சின்னவனா இருந்தப்ப எழுதினதெல்லாம் எவன் பேர்ல ஓடுதோ. இந்த வயசுல உக்காந்து ஒவ்வொண்ணாப் பிரிச்சு வைக்கச் சொல்றியா?”

“ஆமா.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. “உனக்குக் கோவம் வந்தா நல்லா எழுதுவே. அப்பவும் அப்படித்தான். அதனாலதான் உன்னை விரட்டிக்கிட்டே இருந்தேன்.”

சுமிகோ எழுந்துகொண்டாள். இனிப்பைத் தொடவில்லை. குனிந்து வணக்கம் சொல்லாமல் அந்த வீட்டைவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் மிட்சுயோ செருப்பை எடுத்துவைத்தபடி, “அப்பா நல்லவர்தான், உங்களுக்கே தெரியும். லெட்டரை நானே அனுப்பிடறேன்,” என்றாள். ரயிலில் நின்றுகொண்டு வந்தாள் சுமிகோ; உட்கார இடம் இருந்தது. அழுகையை எடுத்துக்கொண்டவர் இப்போது கோபத்தையும் தான் கொடுத்ததாக எழுதிக்கொண்டுவிட்டார். இனி அவள் எதை எழுதினாலும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்வாரா இந்த ஆள்?

கடிதம் மறுநாளே நெமொதோவுக்குப் போய்விட்டது. அவர் அவளுக்கும் ஒரு நகல் அனுப்பினார். ‘என் சீடர் மகபே என் இசையைப் பயன்படுத்திக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சியே.’ கீழே சிவப்பு முத்திரை, கொஞ்சமும் கலையாமல். பின்னாலேயே உசுயி கூப்பிட்டார். “இனிமே தயக்கமே வேணாம் மகபே சான். பழசை அப்படியே போட்டுடலாம். கடைசில மூல இசை குரோயிவான்னு ஒரு வரி சேத்துடறோம். உங்க விஷயம்... அது எனக்குத் தெரியும். எங்க எல்லாருக்கும் தெரியும்.”

“ரெக்கார்டிங் அன்னிக்குப் பாக்கலாம்,” என்றாள்.

அடுத்த ஐந்து நாள் காலையில் எழுந்ததும் எழுத உட்கார்ந்தாள். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் நொஷிரோ வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. பெட்டியோடு போய் இறங்கியவள் அப்பாவுக்காக அழவில்லை. பனி வாருகிற மண்வெட்டி வாசலின் குறுக்கே கிடந்தது. யார் இதை இங்கே போட்டது, நடக்கிற வழியில் போடுவார்களா, அறிவில்லையா என்று அண்ணனைப் பார்த்து அவள் கத்தினாள். தெருவே வெளியே வந்து பார்த்தது. அண்ணனும் பதிலுக்குக் கத்தினான். வெள்ளை ஜாடி உள்ளே இருக்க, இருவரும் ஒரு மண்வெட்டிக்காக அடித்துக்கொள்ளாத குறையாக நின்றார்கள். இத்தனை வருடத்தில் அதை அவள் நினைத்ததே இல்லை, வெட்கத்தால். இப்போது யோசித்தபோது வேறொன்று புரிந்தது. அந்தச் செல்லோவை எழுதியவள் இன்னும் ஊருக்குப் போய்ச் சேராதவள். அப்பா செத்தால் எப்படி இருக்கும் என்று ஜெராக்ஸ் அறையில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தவள். அழகாக நினைத்துப் பார்த்துவிட்டாள். அதனால்தான் எல்லாரும் அதில் வசதியாக உட்கார்ந்து அழ முடிகிறது. இந்தப் பெண் டப்பாவைத் திறக்கிறாளே, அவளுக்கு முதலில் வருவது அழுகையா? பாதிச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் போய்விட்ட ஆள்மேல் கோபமல்லவா வரும்.

ரெக்கார்டிங் காலை பத்து மணிக்கு. செல்லோ வாசிக்கிற நான்கு பேரும் ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்களுக்கு ஷீட் வரலையே,” என்றார்கள். “உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல,” என்றாள் சுமிகோ. நான்கு பேரும் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் பெயர் விட்டுப்போனவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். செல்லோவைவிடப் பெரிய வாத்தியமான டபிள் பாஸ் வரிசையில் முதல் ஆள் இகராஷி, அறுபத்தைந்து இருக்கும். தன் தாளை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். அவள் பக்கத்தில் வந்தபோது சத்தமில்லாமல் சொன்னார், “அந்தப் பழைய தொடருக்கு நானும் வாசிச்சேன். அன்னிக்கு வியாழக்கிழமை. நோட்ஸைக் குடுத்துட்டுக் கதவுகிட்டப் பெட்டியோட நின்னீங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அழுதாரு, நாங்க எல்லாரும் உங்களைத்தான் பாத்தோம்.”

“தெரிஞ்சும் யாரும் சொல்லலியே.”

“யாரும் கேக்கலையே,” என்றார் இகராஷி. சொன்னதும் அவருக்கே அது பிடிக்கவில்லை போல. குனிந்து வில்லின் திருகை இறுக்க ஆரம்பித்தார். சுமிகோவுக்கு அவர்மேலும் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே, கேட்காமல் இருந்தவர்களில் தானும் ஒருத்தி என்பதும் உறைத்தது.

கையைத் தூக்கினாள். ஆறு டபிள் பாஸ் ஒரே அடியாக விழுந்தன. மேலே வயலின் ஜாதியைச் சேர்ந்த வயோலாக்கள், வில்லின் மரப்பக்கத்தால் தந்தியை அடித்துக்கொண்டு. எட்டுப் பார்கூட முடியவில்லை, ஒலிபெருக்கியில் உசுயியின் குரல் வந்தது. “மன்னிக்கணும். மகபே சான், வேற சீனோட ஷீட்டை எடுத்துட்டீங்களோ?”

“இல்ல. இதுதான்.”

“லெட்டர்தான் வந்துடுச்சே. பழசையே...”

“வந்துச்சு. படிச்சேன். அது அவரோடதாவே இருக்கட்டும்.” கண்ணாடியில் வெளிச்சம் விழுந்து அந்தப் பக்கம் யார் முகமும் தெரியவில்லை. தெரியாதது நல்லதாகப் போயிற்று. “நாலு நிமிஷம் முழுசா, படத்தோட சேத்து ஒரு தடவை கேளுங்க உசுயி சான். அப்புறம் வேற ஆளைப் போடணும்னா போட்டுக்குங்க. நான் சண்டைக்கு வரமாட்டேன்.”

யாரோ ஏதோ சொல்கிற சத்தம் பாதி வந்து அறுந்தது. நெமொதோவாக இருக்கலாம். பிறகு பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது.

முதலிலிருந்து வாசித்தார்கள். இரண்டாவது நிமிடத்தில் வயலின்களும் சேர்ந்துகொண்டபோது சுமிகோவின் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. எழுதினதைவிட வேகமாக அடித்தது. வாசிப்பவர்கள் விட்டுக்கொடுக்காமல் கூடவே வந்தார்கள். வயோலாவில் ஒரு பெண் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். கடைசி இருபது பாருக்கு ஆறு டபிள் பாஸும் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப, கதவை உடைக்கிற மாதிரி இடித்தன. பிறகு அவள் கையை மூடினாள், நின்றது.

ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. வில்லில் தடவிய பிசினின் வெள்ளைத் தூள் விளக்கு வெளிச்சத்தில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இகராஷியின் வில்லில் நாலைந்து மயிர் அறுந்து, நுனியிலிருந்து தொங்கி ஆடியது. அதைப் பிய்த்துப் போடாமல், அவர் வில்லை மறுபடியும் தந்தியின்மேல் கொண்டுபோய் வைத்து, அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.